டிரம்ஸ் வாசித்தது யார்?

கோர்கிரைண்ட் என்று ஒரு இசை வகை இருக்கிறது. இதுவரை கேள்விப்படாதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். கேள்விப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அரை நிமிஷம் கேட்டுவிட்டு, "கசாப்புக்கடையில் மைக் வைத்த மாதிரி இருக்கிறதே, இதைப் போய் இசை என்கிறீர்களா?" என்று ஹெட்ஃபோனைக் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். கொடுமை என்னவென்றால், இதை வாசிக்கிறவர்களிடமே போய் இப்படிச் சொன்னாலும் கோபப்பட மாட்டார்கள். தேங்க்ஸ் சொல்வார்கள். 'கோர்' என்றால் கொட்டிய ரத்தம். 'கிரைண்ட்' என்றால் அரைப்பது. கடை போர்டிலேயே மெனு எழுதியிருக்கிறது. உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டு தயிர் சாதம் கேட்டால் எப்படி?

இந்தக் கடைக்கும் உள்ளே ஒரு சின்ன அறை உண்டு. எலெக்ட்ரானிக் கோர்கிரைண்ட், சைபர்கிரைண்ட் என்று பலவாறாகச் சொல்கிறார்கள். அங்கே இசைக்குழு எதுவும் கிடையாது. ஒரே ஒரு ஆள்தான். அவருடைய படுக்கையறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு கிடார், ஒரு மைக். அவ்வளவுதான் ஸ்டுடியோ.

இப்படி வருகிற ஆல்பங்கள் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஜாடையில் இருக்கும். 30 பாட்டு, மொத்தமே 25 நிமிஷம். ஒரு பாட்டை எடுத்துக்கொண்டால், முதல் பத்து வினாடிக்கு ஏதோ பழைய திகில் படத்தின் வசனம் ஓடும். யாரோ கதவைத் திறப்பார்கள், யாரோ அலறுவார்கள். அதற்கப்புறம் 40 வினாடிக்கு ஒரு வெடிப்பு. கிடார் என்பது சுவரில் டிரில்லிங் மெஷின் போட்ட சத்தம். குரல் என்பது அடைத்துக்கொண்ட சிங்க்கில் தண்ணீர் இறங்கும்போது வருமே, அது. குரலை மூன்று நான்கு கட்டை கீழே இறக்கும் பிட்ச் ஷிஃப்டர் என்ற கருவியின் உபயம். வார்த்தை ஒன்றும் புரியாது. பாட்டின் தலைப்பைப் படித்துப் பார்த்தால், புரியாததே நல்லது என்று தோன்றும். பிறகு சட்டென்று நின்றுவிடும். அடுத்த பாட்டு, அடுத்த கதவு, அடுத்த அலறல்.

அட்டையைத் திருப்பினால் பின்பக்கம் ஒரே ஒரு வரி. கிடார், பாஸ், குரல், ரெக்கார்டிங், அட்டைப்படம் எல்லாமே ஒருவர் பெயரில்தான். டிரம்ஸ்? அந்த இடத்தில் 'புரோகிராமிங்' என்று போட்டிருக்கும். சிலர் அதைக்கூடப் போடுவதில்லை.

கவனிக்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. கோர்கிரைண்ட் முழுக்க முழுக்க உடம்பைப் பற்றிய இசை. குடல், ஈரல், கொழுப்பு, சீழ், எலும்பு. உடம்பைத் தவிர அதற்கு வேறு விஷயமே கிடையாது. ஒரு மெட்டல் குழுவில் உடம்பை அதிகமாகச் செலவழிக்கிறவர் யார்? டிரம்மர். கிடார்காரர் வேர்ப்பது மேடை விளக்குக்காக. டிரம்மருக்கு மணிக்கட்டு, முழங்கை, தோள், இடுப்பு, தொடை, கணுக்கால் எல்லாம் சேர்ந்தால்தான் பாட்டு. உடம்பைப் பற்றிய இசையிலிருந்து அந்த ஆளைத்தான் முதலில் வெளியே அனுப்பியிருக்கிறார்கள். எப்படி நடந்தது இது?

கதை இங்கிலாந்தில், 1980களின் இரண்டாம் பாதியில் தொடங்குகிறது. பர்மிங்காம் பக்கத்தில் நேபாம் டெத் என்று ஒரு குழு. அவர்களுடைய முதல் ஆல்பம் 'ஸ்கம்' 1987-ல் இயர்ஏக் என்ற சின்னக் கம்பெனி மூலமாக வந்தது. (இயர்ஏக் என்றால் காதுவலி. கம்பெனிக்கு இதைவிட நேர்மையாகப் பெயர் வைக்க முடியாது.) அந்த ஆல்பத்தில்தான் 1.316 வினாடியில் முடிந்துபோகும் ஒரு பாட்டு இருக்கிறது. உலகிலேயே மிகச் சின்னப் பாட்டு என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தது. தும்மினால்கூட இதைவிட அதிக நேரம் ஆகும்.

'ஸ்கம்' ஒரு விசித்திரமான ஆல்பம். முதல் பக்கத்தில் வாசித்த குழு வேறு, இரண்டாம் பக்கத்தில் வாசித்த குழு வேறு. நடுவில் எல்லோரும் மாறிவிட்டார்கள். இரண்டு பக்கத்திலும் இருந்த ஒரே ஆள் டிரம்மர் மிக் ஹாரிஸ். காலால் கிக், கையால் ஸ்னேர், சிம்பல் எல்லாவற்றையும் மாற்றி மாற்றி, இடைவெளியே தெரியாத வேகத்தில் அடிக்கும் முறைக்கு 'பிளாஸ்ட் பீட்' என்ற பெயரைக் கொடுத்தவராகச் சொல்லப்படுகிறவர் இவர்தான். கிரைண்ட்கோர் முழுக்க அந்த அடியின் மேல்தான் நிற்கிறது. பழைய ரெக்கார்டிங்கைக் கேட்டால், வேகம் தாங்காமல் சில இடங்களில் தாளம் வழுக்குவது நன்றாகவே தெரியும். ஒரு மனுஷன் தன்னால் முடிகிற எல்லைக்கு வெளியே போய்விட்டுத் தட்டுத்தடுமாறித் திரும்பி வருகிற சத்தம் அது. ரசிகர்களுக்கு அந்தத் தடுமாற்றம்தான் உயிர்.

முதல் பக்கத்தில் கிடார் வாசித்தவர் ஜஸ்டின் பிராட்ரிக். இரண்டாம் பக்கத்தில் பில் ஸ்டீர். இந்த இரண்டு பெயரும் முக்கியம். ஒருவர் உடம்பின் பக்கம் போனார், இன்னொருவர் மெஷினின் பக்கம் போனார்.

பில் ஸ்டீருக்கு லிவர்பூலில் இன்னொரு குழு இருந்தது. பெயர் கார்கஸ், அதாவது செத்த மிருகத்தின் உடல். பாஸ் வாசித்துப் பாடியவர் ஜெஃப் வாக்கர், டிரம்ஸ் கென் ஓவன். 1988-ல் வந்த இவர்களுடைய 'ரீக் ஆஃப் ப்யூட்ரிஃபாக்ஷன்' ஆல்பத்திலிருந்துதான் கோர்கிரைண்ட் பிறந்தது என்பார்கள். 22 பாட்டு. அட்டையில் மருத்துவப் புத்தகங்களிலிருந்து வெட்டி ஒட்டிய பிணப் படங்கள். பாட்டு வரிகள் முழுக்க மருத்துவ அகராதியின் வார்த்தைகள். எம்பிபிஎஸ் மூன்றாம் வருஷப் பாடத்தை யாரோ கடித்துத் துப்பின மாதிரி இருக்கும். ரெக்கார்டிங் மகா மோசம். குறிப்பாக டிரம்ஸ் ஏதோ அடுத்த தெருவில் அடிப்பது போலக் கேட்கும். குழுவுக்கே அந்த ஒலிப்பதிவில் திருப்தி இல்லை. ஆனால் பிபிசி ரேடியோவின் புகழ்பெற்ற ஜான் பீல் இருக்கிறாரே, அவர் அந்த வருஷத்தில் தனக்கு மிகவும் பிடித்த ஆல்பமாக இதைத்தான் சொன்னார்.

ரத்தமும் சதையும் கலைக்குள் வருவதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் ஒருதரம் கலிங்கத்துப்பரணியைத் திறந்து பார்க்கலாம். போர்க்களத்துப் பிணங்களை வைத்துப் பேய்கள் கூழ் காய்ச்சிக் குடிப்பதை ஜெயங்கொண்டார் எவ்வளவு உற்சாகமாகப் பாடியிருக்கிறார் என்று தெரியும். கார்கஸின் சமையல் அதற்கு முன்னால் பத்தியச் சாப்பாடு.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. வாக்கரும் ஸ்டீரும் சைவம். மாமிசமே தொடாதவர்கள். மனிதனும் வெட்டிப் போட்டால் மாமிசம்தான் என்பதை அத்தனை அருவருப்பாகச் சொல்வதற்குப் பின்னால் அந்தக் கோபம் இருந்தது. அவர்கள் பாட்டில் பிணத்துக்கு ஆண், பெண் என்றெல்லாம் பேதம் இருக்காது. பிரேதப் பரிசோதனை மேஜைமேல் கிடக்கும் யாரோ ஒருவர். அதற்குப் பிறகு வந்தவர்கள் பலர் கோபத்தை விட்டுவிட்டு ரத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பிணம் பெண்ணாகிவிட்டது. பிணமாவதற்கு முன்னால் அவளுக்கு என்ன நடந்தது என்பது பாட்டாகிவிட்டது. இந்த வகையின் மிகப் பெரிய அசிங்கம் அதுதான். "சும்மா தமாஷுக்கு" என்று அதற்கு என்ன சமாதானம் சொன்னாலும் எடுபடாது. வார்த்தை புரியவில்லை என்பதும் ஒரு சமாதானமா? தலைப்பை ஒருவர் உட்கார்ந்து எழுதித்தானே இருக்கிறார்.

சரி, மெஷின் பக்கம் போகலாம்.

'ஸ்கம்' முதல் பக்கத்து ஜஸ்டின் பிராட்ரிக் 1988-ல் காட்ஃப்ளெஷ் என்ற குழுவைத் தொடங்கினார். அவரும் ஒரு பாஸ்காரரும் மட்டும். டிரம்ஸுக்கு ஒரு டிரம் மெஷின். இதில் வேடிக்கை என்னவென்றால் பிராட்ரிக் நன்றாக டிரம்ஸ் வாசிக்கத் தெரிந்தவர். வேறொரு குழுவில் டிரம்மராகவே இருந்தவர். இருந்தும் மெஷினைத் தேர்ந்தெடுத்தார். 1989-ல் வந்த 'ஸ்ட்ரீட்கிளீனர்' ஆல்பத்தைக் கேட்டால் காரணம் புரியும். அது வேகமே இல்லாத இசை. ஆலையில் இரும்புத் தகட்டை அழுத்தும் பிரஸ் மாதிரி, ஒரே கனத்தில், ஒரே இடைவெளியில் விழுந்துகொண்டே இருக்கும். மனிதன் அடித்தால் எங்காவது ஒரு இடத்தில் இரக்கம் வந்துவிடும். அந்த இரக்கம் வேண்டாம் என்றுதான் மெஷின்.

அதைவிடப் பெரிய வேடிக்கை, பிளாஸ்ட் பீட்டுக்குப் பெயர் வைத்த மிக் ஹாரிஸே 1991-ல் நேபாம் டெத்தை விட்டு வந்து, ஸ்கார்ன் என்ற பெயரில் எலெக்ட்ரானிக் இசை செய்யத் தொடங்கியது. மிக வேகமான டிரம்மர் என்று பேர் வாங்கியவர் மிக மெதுவான, பாதாளத்திலிருந்து வருவது போன்ற தாளங்களை மெஷினில் கோத்துக்கொண்டிருந்தார். அதனால் மெஷின் வந்து டிரம்மரைத் துரத்திவிட்டது என்று ஒரேயடியாகப் புலம்பவும் முடியாது. டிரம்மர்களே எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 1990களில் நியூயார்க் பக்கத்து மார்ட்டீஷியன் குழு டிரம் மெஷினையும் திகில் பட வசனங்களையும் சேர்த்து ஒரு பாணியையே உருவாக்கியது. அப்புறம் ஸ்காட் ஹல். அகோரஃபோபிக் நோஸ்ப்ளீட் என்ற குழுவில் கிடாரும் டிரம் புரோகிராமிங்கும் அவர் வேலை. 2003-ல் 3 அங்குலக் குட்டி சிடி ஒன்றில் 100 பாட்டுகளை அடைத்துக் கொடுத்தார்கள். நூறையும் கேட்டு முடிக்கிற நேரத்தில் ஒரு டீ குடித்து, பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தைப் படித்துவிடலாம்.

அதற்குப் பிறகு படுக்கையறைக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். இது ஏன் நடந்தது என்பதற்குப் பெரிய தத்துவமெல்லாம் வேண்டாம். டிரம்ஸ் செட் விலை அதிகம், இடத்தை அடைக்கும். அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிடுவார். நிமிஷத்துக்கு 250 பீட்டில் பிளாஸ்ட் அடிக்கத் தெரிந்த ஆள் ஒரு ஊருக்கு ஒருவர் இருந்தால் அதிகம், அவரையும் மூன்று குழுக்கள் ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும். ஆனால் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக டிரம்ஸை நிரப்பிக்கொள்ள ஃப்ரூட்டிலூப்ஸ் மாதிரி சாஃப்ட்வேர்கள் 1990களின் கடைசியிலேயே வந்துவிட்டன. பாட்டு முடிந்தால் சிடியில் எரித்துத் தபாலில் அனுப்பலாம். கொஞ்ச காலம் போனதும் அந்தத் தபால் செலவும் மிச்சமாகிவிட்டது. குழு என்றால் சண்டை உண்டு, ரிகர்சலுக்கு வராமல் டிமிக்கி கொடுப்பது உண்டு, காதல் வந்து குழு உடைவது உண்டு. தனியாளுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. சண்டை போட ஆள் இல்லாததாலேயே, 30 பாட்டில் 20 பாட்டு குப்பை என்று சொல்லவும் ஆள் இல்லை. இந்த வகை ஆல்பங்களில் பெரும்பாலானவை அலுத்துப்போவதற்கு அதுதான் காரணம்.

ஆனால் நல்லவை அலுப்பதில்லை. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

நிமிஷத்துக்கு 250 பீட் என்றால், ஒரு பீட்டுக்கு நாலு அடி வீதம் 1000 அடி. வினாடிக்கு 16-க்கும் கொஞ்சம் மேலே. கையும் காலும் சேர்ந்து, பல வருஷம் பயிற்சி செய்த மனிதன் தொடக்கூடிய இடம் ஏறக்குறைய இதுதான். மனிதக் காதுக்கும் ஒரு எல்லை உண்டு. வினாடிக்கு 20 அடி என்ற இடத்தைத் தாண்டும்போது காது அவற்றைத் தனித்தனி அடியாக எண்ணுவதை விட்டுவிடுகிறது. அதற்குமேல் கேட்பதெல்லாம் ஒரு ஸ்வரம். புல்லட் வண்டி நிற்கும்போது 'டுப் டுப் டுப்' என்று ஒவ்வொரு வெடிப்பும் தனியாகக் கேட்கும். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் எல்லாம் ஒன்றாகிக் 'கொர்ர்ர்' என்று ஒரே முழக்கம் ஆகிறதே, அதே கதைதான். இன்னும் முறுக்கினால் முழக்கத்தின் சுருதி ஏறும்.

ஆக மனித டிரம்மரின் எல்லையும், அடி ஸ்வரமாக மாறுகிற எல்லையும் கிட்டத்தட்டப் பக்கத்துப் பக்கத்து வீடு. மனிதன் திண்ணை வரைக்கும் வந்து நிற்கிறான், உள்ளே போக முடியவில்லை. மெஷினுக்குத் தடையே இல்லை. வினாடிக்கு 30, 40, 60 என்று எண்ணை மாற்றினால் போதும், டிரம்ஸ் டிரம்ஸாக இருப்பதை நிறுத்திவிட்டுப் பாட ஆரம்பிக்கும். நல்ல சைபர்கிரைண்ட் ஆல்பத்தில் இந்த இடம் வரும். பிளாஸ்ட் பீட் வேகம் ஏறி ஏறி, திடீரென்று தாளம் கரைந்து ஒரு கூர்மையான ஒலியாக நீண்டு, மறுபடி அடிகளாக உடைந்து விழும். முதல்முறை கேட்பவருக்கு வயிற்றில் ஏதோ நழுவின மாதிரி இருக்கும். எந்த டிரம்மராலும் தர முடியாத அனுபவம் இது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மெஷினுக்கு ஒரு வியாதியும் உண்டு. ஒரே ஸ்னேர் ஒலியை அச்சு மாறாமல் திரும்பத் திரும்ப வாசித்தால் டைப்ரைட்டர் சத்தம் மாதிரி ஆகிவிடும். மனிதன் அடிக்கும்போது எந்த இரண்டு அடியும் ஒன்றாக இருக்காது. குச்சி விழும் இடம் கொஞ்சம் நகரும், பலம் கொஞ்சம் மாறும், நேரம் இம்மி பிசகும். இதைச் சரிக்கட்ட சாஃப்ட்வேரில் 'ஹ்யூமனைஸ்' என்று ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். அதை அழுத்தினால் கம்ப்யூட்டர் அங்கங்கே வேண்டுமென்றே சின்னச் சின்னத் தப்பு செய்யும். தப்பு செய்தால் மனிதன் என்று கணக்கு! கோர்கிரைண்ட் தனியாட்களில் நிறையப் பேர் இந்தப் பட்டனைத் தொடுவதே இல்லை. அது பாராட்ட வேண்டிய விஷயம். மெஷின் என்றால் மெஷின் மாதிரி கேட்கட்டுமே, அதற்கு எதற்கு மீசை ஒட்டி விடுவது?

இப்போது கார்கஸுக்குத் திரும்பியாக வேண்டும். 1990களின் நடுவில் அந்தக் குழு கலைந்துபோனது. 1999-ல் டிரம்மர் கென் ஓவனுக்கு மூளையில் ரத்தக்கசிவு. மாதக்கணக்கில் கோமாவில் கிடந்தார். 10 வருஷத்துக்கு முன்னால் மருத்துவ அகராதியைப் புரட்டிப் புரட்டிப் பாட்டு போட்ட குழுவில், அகராதியின் ஒரு பக்கம் நிஜமாகவே ஒருவர் மேல் வந்து விழுந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் பழைய வேகத்தில் டிரம்ஸ் வாசிக்கும் உடம்பு திரும்பக் கிடைக்கவில்லை.

2008-ல் கார்கஸ் மறுபடி மேடை ஏறியபோது டிரம்ஸ் இருக்கையில் உட்கார்ந்தவர் ஆர்ச் எனிமி குழுவின் டேனியல் எர்லாண்ட்ஸன். ஆனால் அந்தச் சுற்றுப்பயணத்து நிகழ்ச்சிகள் சிலவற்றில் ஒரு கட்டத்தில் அவர் எழுந்து இடம் விடுவார். கென் ஓவன் மெல்ல நடந்து வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் வாசிப்பார். பிளாஸ்ட் பீட் எல்லாம் இல்லை. எளிமையான சில அடிகள், அவ்வளவுதான். கூட்டம் தொண்டை கிழியக் கத்தும். 30 பாட்டு முழுக்கக் கிழிந்த வயிற்றைப் பற்றிப் பாடினாலும் வராத ஒன்று அந்தச் சில நிமிஷத்தில் இருந்தது. 2013-ல் வந்த 'சர்ஜிக்கல் ஸ்டீல்' ஆல்பத்திலும் புது டிரம்மர் வாசிக்க, ஓவனின் குரல் ஓரமாக ஒலிக்கிறது. அட்டையில் பெயரும் இருக்கிறது.

பெயர் என்றதும் திரும்பவும் அந்தப் 'புரோகிராமிங்' வரிக்கு வர வேண்டியிருக்கிறது. மெஷின் வாசிக்கிறது, சரி. மெஷினுக்குள் இருக்கும் அந்த ஸ்னேர் ஒலி எங்கிருந்து வந்தது? பழைய டிரம் மெஷின்கள் சிலவற்றில் மின்சுற்றே ஒலியை உண்டாக்கும். கம்ப்யூட்டர் காலத்தில் பெரும்பாலும் அப்படி இல்லை. எங்கோ ஒரு ஸ்டுடியோவில் ஒரு நிஜ டிரம்மரை உட்கார வைத்து, ஒவ்வொரு டிரம்மையும் மெதுவாக, பலமாக, ஓரத்தில், நடுவில் என்று நூற்றுக்கணக்கான தடவை அடிக்கச் சொல்லிப் பதிவு செய்து வைத்திருப்பார்கள். அவைதான் சாம்பிள்கள். மெட்டல் உலகத்தில் பிரபலமான 'டிரம்கிட் ஃப்ரம் ஹெல்' என்ற சாம்பிள் தொகுப்பில் அடித்தவர் ஸ்வீடன் நாட்டு மெஷுகா குழுவின் டிரம்மர் தோமஸ் ஹாக்கே. உச்சக்கட்டம் என்னவென்றால், 2005-ல் மெஷுகா வெளியிட்ட 'கேட்ச் தர்ட்டித்ரீ' ஆல்பத்தில் டிரம்ஸ் முழுக்க இந்தச் சாம்பிள்களை வைத்துப் புரோகிராம் செய்ததுதான். ஹாக்கே வாசிக்கவில்லை. ஆனால் வாசித்தது ஹாக்கேதான்!

அப்படியென்றால் ஊர் பேர் தெரியாத தனியாள் ஆல்பங்களில், அந்த 40 வினாடி வெடிப்புகளுக்குள், அடித்துக்கொண்டிருப்பது யாரோ ஒருவருடைய மணிக்கட்டு. ஆளை வெளியே அனுப்பினார்கள் என்று மேலே சொன்னதைத் திருத்திக்கொள்ள வேண்டும். போனது ஆளின் பெயர் மட்டும். உடம்பு உள்ளேயேதான் இருக்கிறது, துண்டு துண்டாக வெட்டிப் பெட்டியில் அடுக்கி, லேபிள் ஒட்டி. கோர்கிரைண்டுக்கு இதைவிடப் பொருத்தமான செய்முறை வேறு என்ன இருக்க முடியும்?

ஹாக்கேயாவது தெரிந்தே, சம்மதித்தே அடித்தார். பெயரும் ஊருக்குத் தெரியும். இன்னொருவர் இருக்கிறார்.

2006-ல் டிரம்கோர் என்ற பெயரில் 'கிரிஸ்ட்' என்று ஒரு ஆல்பம் வந்தது. டிரம்கோர் என்பது குழு இல்லை. ஆரன் ஸ்பெக்டர் என்ற ஒரே அமெரிக்கர். கிடார், லேப்டாப், ஹார்ட்கோர், கிரைண்ட்கோர் பதிவுகளிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகள், இவற்றோடு பிரேக்கோர் எனப்படும் வெறிபிடித்த எலெக்ட்ரானிக் தாளம். ஒரு பாட்டுக்குப் பெயர் 'பிக் டெஸ்ட்ராயர் டெஸ்ட்ராயர்'. பிக் டெஸ்ட்ராயர் என்பது மேலே வந்த ஸ்காட் ஹல்லின் இன்னொரு குழு. கறாரான கோர்கிரைண்ட் ரசிகர்கள் இதைத் தங்கள் வகையில் சேர்க்க மாட்டார்கள், ரத்தம் பத்தாது என்பார்கள். ஆனால் ஒரு தனியாள், ஒரு கம்ப்யூட்டர் என்ற வகையில் இதைவிட உயிரோடு இருக்கும் ஆல்பம் கிடைப்பது கஷ்டம். 25 நிமிஷத்தில் அலுத்துப்போகும் ஆல்பங்களுக்கு நடுவில் இது முடியும்போது மறுபடி போடத் தோன்றும். அடுத்த வருஷம் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்தில் நடக்கும் பிரி ஆர்ஸ் எலெக்ட்ரானிகா விருதுகளிலும் இதற்கு மரியாதை கிடைத்தது.

ஸ்பெக்டரின் ஆல்பம் உயிரோடு இருப்பதற்குப் பாதிக் காரணம் பிரேக்கோர் தாளம். பிரேக்கோர் தாளம் உயிரோடு இருப்பதற்குக் காரணம் ஒரே ஒரு சாம்பிள். அதற்கு 'அமென் பிரேக்' என்று பெயர். 1969-ல் வாஷிங்டனைச் சேர்ந்த வின்ஸ்டன்ஸ் என்ற சோல் இசைக்குழு ஒரு ரெக்கார்ட் போட்டது. முன்பக்கத்துப் பாட்டு கிராமி விருது வாங்கியது. பின்பக்கத்தில் இடத்தை நிரப்ப 'அமென், பிரதர்' என்று ஒரு வாத்தியப் பாட்டு. அதன் நடுவில் மற்ற எல்லா வாத்தியமும் நின்றுவிட, டிரம்மர் மட்டும் சுமார் 7 வினாடி தனியாக வாசிப்பார். அவர் பெயர் கிரெகரி கோல்மன்.

1980களில் அந்த 7 வினாடியை ஹிப்ஹாப்காரர்கள் எடுத்தார்கள். 1990களில் இங்கிலாந்தின் ஜங்கிள், டிரம் அண்ட் பாஸ் இசைக்காரர்கள் வேகத்தைக் கூட்டி, நறுக்கி, தலைகீழாகத் திருப்பிப் போட்டார்கள். பிரேக்கோர்காரர்கள் அதைக் கொத்துக்கறி ஆக்கினார்கள். ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அது இருக்கிறது. எவ்வளவு பொடியாக நறுக்கினாலும் அந்த ஸ்னேரின் துள்ளல் மட்டும் போவதில்லை. எந்த 'ஹ்யூமனைஸ்' பட்டனும் தராத அந்தச் சின்னப் பிசகு, ஒரு அடி இம்மி தள்ளி விழுவது, 1969-ல் ஒரு மனிதரின் கையில் நடந்தது. வினாடிக்கு 40 அடி வேகத்தில் ஓட்டினாலும் அதன் மிச்சம் கேட்கும்.

இதற்காகக் கோல்மனுக்கு ஒரு பைசா வரவில்லை. இத்தனை பேர் தன் கையை உபயோகிக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதே சந்தேகம் என்பார் குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சர். ஸ்பென்சருக்கே 1990களின் நடுவில்தான் தெரிய வந்தது. அதற்குள் வழக்குப் போடும் காலம் கடந்துவிட்டிருந்தது. கோல்மன் 2006-ல், 'கிரிஸ்ட்' வந்த அதே வருஷம், அட்லாண்டா நகரத்தில் வீடு வாசல் இல்லாத நிலையில் செத்துப்போனார்.

2015-ல் பிரிட்டிஷ் டிஜே ஒருவர் முன்கை எடுத்து இணையத்தில் உண்டியல் குலுக்கினார். அந்த 7 வினாடியை வைத்துப் பாட்டு போட்டவர்களும் ஆடியவர்களுமாகப் போட்டதில் 24,000 பவுண்டு சேர்ந்தது. பணம் ஸ்பென்சருக்குப் போனது. அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். 2020-ல் அவரும் காலமாகிவிட்டார். டிரம்ஸ் வாசித்தவர் உண்டியல் வருவதற்கு 9 வருஷம் முன்னாலேயே போய்விட்டிருந்தார்.